வேண்டுதல் இல்லாத ஓட்டம்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் வயது வந்த ஆள் ஓடினால் ஏதோ கெட்டது நடந்திருக்கிறது என்று அர்த்தம். சாவுச் செய்தியாக இருக்கும். இல்லையென்றால் காட்டில் குளவி கலைந்திருக்கும். ஒரு தடவை லயத்து வரிசை வீடுகளில் தீப்பிடித்தபோது எல்லாரும் ஓடினோம். எல்லாரும் என்றால் மற்றவர்கள் ஓடினார்கள், நான் வாளியோடு நடந்தேன். காரணமில்லாமல் ஓடுவதெல்லாம் பிள்ளைகளுக்கும் கோழிகளுக்கும்தான். அதனால் நாற்பத்து நாலு வயதில் நான் ஓட ஆரம்பித்ததை ஜனங்கள் தப்பாக எடுத்துக்கொண்டதற்கு அவர்கள் மேல் பழி சொல்ல முடியாது. தப்பு என்னுடையது. அம்மனுக்கு அது தெரியும். படிக்கிறவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் சின்ன வயதிலிருந்தே குண்டு. கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் குச்சி குச்சியாக இருக்க, ஒரே சோற்றைத் தின்று நான் மட்டும் ஊதினேன். அந்தக் காலத்தில் ரப்பர்ப் பால் காய்ந்த கித்தாச் சீட்டுகளைக் கட்டுக் கட்டாக நிறுக்க ஸ்டோரில் ஒரு பெரிய தராசு இருந்தது. சம்பள நாளில் பெரியவர்கள் என்னைத் தூக்கி அந்தப் பலகையில் நிறுத்துவார்கள். கணக்கு எழுதும் கிராணி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எடையைச் சத்தமாகப் படிப்பார். “இந்த மாசம் நல்ல விளைச்சல்” என்பார். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் இன்னும் சிரிப்பார்கள் என்று எட்டு வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். பதினாறு வயதில் கித்தா மரத்தில் பால் வெட்டப் போனேன். எனக்குக் கொடுத்த மர வரிசை, நிரை என்போம், மேட்டில் இருந்தது. மற்றவர்கள் வெட்டி முடித்து, பால் எடுத்து, ஸ்டோருக்குப் போய் வரிசையில் நிற்கும்போது நான் பாதி மேட்டில் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நான் போய்ச் சேர்வதற்குள் கோப்பையிலும் வாளியிலும் பால் கட்டிவிடும். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த மேஸ்திரி, எங்கள் பேச்சில் மண்டோர், மரத்துக்குப் பாவம் என்று சொல்லி என்னை நிறுத்திவிட்டார். எனக்குப் பாவம் என்று சொல்லவில்லை. அப்புறம் சீட்டுக் காயவைக்கும் புகைவீட்டில் விறகு அடுக்கினேன். கடைசியில் தோட்டத்து வாசலில் ஜாகா வேலை, அதாவது காவல் வேலை கிடைத்தது. ஒரு சின்ன அறை, ஒரு நாற்காலி, ஒரு தடுப்புக் கம்பு. லாரி வந்தால் கம்பைத் தூக்க வேண்டும், போனால் இறக்க வேண்டும். என் உடம்புக்கு ஏற்ற வேலை என்று எல்லாரும் சொன்னார்கள்.

விளையாட்டு என்று எனக்கு ஒன்றே ஒன்று தெரியும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் திடலில் கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் லாரியில் வருவார்கள். எங்கள் பக்கத்தில் கயிற்றின் கடைசி நுனியை என் இடுப்பில் சுற்றி என்னை நிறுத்திவிடுவார்கள். நான் இழுக்கக்கூட வேண்டாம், நகராமல் நின்றால் போதும். என்னைத் தூணு என்று கூப்பிடுவார்கள். தூணு இருக்கும் வரைக்கும் நமக்குத் தோல்வி இல்லை என்று தட்டிக்கொடுப்பார்கள். கப்பைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் திடலைச் சுற்றி ஓடுவார்கள். நான் இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படி முன்னால் ஓடுகிறவன் என் பக்கத்து வீட்டுக்காரன். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். நூறு கஜம், இருநூறு கஜம், சாக்கு ஓட்டம் எதுவானாலும் அவன்தான் முதல். அவன் வீட்டு அலமாரியில் பத்துப் பதினைந்து கப் இருந்தது. வளர்ந்த பிறகு அவன் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டும் வேலைக்குப் போனான். அவன் மனைவி என்னை அண்ணே என்பாள், நான் தங்கச்சி என்பேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான்.

எனக்கு அறுபதுகளின் நடுவில் கல்யாணம் ஆனது. என் மனைவி என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கடையில் என் அளவுக்குச் சட்டை கிடைக்காது, அவளே தைப்பாள். ஒரே மகள். எண்பதுகளின் கடைசியில் மகளுக்குச் சிரம்பான் டவுனில் கல்யாணம் முடிந்து குழந்தை பிறந்தது. மகளும் மருமகனும் ஃபேக்டரி வேலை, ஷிஃப்டு மாற்றி மாற்றி. பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும் என்று என் மனைவி போனாள். மூன்று மாதம் என்று போனவள் வருசமாகியும் வர முடியவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை ஞாயிற்றுக்கிழமை வருவாள். வந்து வீட்டைக் கழுவி, துணி துவைத்து, குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு மத்தியானப் பஸ்ஸில் போய்விடுவாள்.

அவள் இல்லாத வீட்டில் நான் அதிகம் தின்றேன். காலையில் ஒரு பானை சோறு ஆக்கினால் சாயந்திரத்துக்குள் அது காலியாகிவிடும். பசி என்று சொல்ல மாட்டேன். தட்டில் சோறு இருக்கும்வரை கைக்கு வேலை இருந்தது. தின்று முடித்தால் சாமி படத்துக்கு விளக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் புருசனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வது கேட்கும். என்ன பேசுகிறார்கள் என்று விளங்காது. பேசும் சத்தம் மட்டும் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கிளம்பும்போது பேரனுக்குக் காய்ச்சல் என்று சொன்னாள். நான் வெள்ளிக்கிழமையே கோயிலில் அர்ச்சனை செய்து திருநீற்றுப் பொட்டலம் வாங்கி வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரன் அவளை மோட்டர் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பெரிய சாலைக்குப் போனான். அவர்கள் போன பிறகுதான் பார்த்தேன், பொட்டலம் சாமி மேடையிலேயே இருந்தது.

எப்படி என்று எனக்கு இன்றும் தெரியாது. பொட்டலத்தைக் கையில் எடுத்தேன், அஞ்சடித் திண்ணையிலிருந்து இறங்கினேன், ஓடினேன். லயத்திலிருந்து சாலைக்கு ஒரு மைல், செம்மண் பாதை. செருப்பு டப் டப் என்று அடித்தது, கழற்றி பாரிட்டுக் கால்வாய் ஓரம் போட்டேன். வயிறு எனக்கு முன்னால் ஒரு தனி ஆள் மாதிரி குதித்துக்கொண்டு போனது. நூறு அடி போவதற்குள் நெஞ்சு கிழிந்துவிடும் போலிருந்தது. நின்றேன், நடந்தேன், மறுபடியும் ஓடினேன். பேரன் முகம் மட்டும் கண்ணில் இருந்தது.

பாதி வழியில் பக்கத்து வீட்டுக்காரன் மோட்டரில் திரும்பி வந்தான். என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டான். முகம் வெளுத்துவிட்டது.

“யாருடா செத்தா?”

நான் பொட்டலத்தைக் காட்டினேன். பஸ் அப்போதே போய்விட்டது என்றான். ஏறு, வீட்டில் விடுகிறேன் என்றான். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அதற்கப்புறம்தான் அந்த விசயம் நடந்தது. பஸ் போய்விட்டது, கொடுக்க ஆள் இல்லை, திரும்பிப் போக வேண்டியதுதான். ஆனால் நான் சாலையைப் பார்த்து மறுபடியும் ஓடினேன். பின்னால் அவன் சிரிப்பது கேட்டது. “தூணு நகருதுடா” என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் போனான்.

மிச்சப் பாதி மைலில் ஏதோ ஓர் இடத்தில் நெஞ்சுவலி விட்டுவிட்டது. மூச்சு தானாக வந்தது, தானாகப் போனது. இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் பின்னால் நகர்ந்தன. பிறந்ததிலிருந்து எல்லாம் என்னைக் கடந்துதான் போயிருக்கிறது, லாரி, பஸ், பிள்ளைகள், மற்ற ஆட்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நான் எதையோ கடந்து போனேன். வாசல் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பேரனுக்குக் காய்ச்சல், பஸ் போய்விட்டது, கையில் திருநீறு வியர்வையில் நனைந்து போயிருக்கிறது, நான் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் திருநீற்றை என் நெற்றியிலேயே பூசிக்கொண்டு நடந்து வீட்டுக்கு வந்தேன். பேரனுக்குக் காய்ச்சல் மறுநாளே விட்டதென்று ஆபீசுக்குப் போன் வந்தது.

அதற்குப் பிறகு வேலை முடிந்ததும் ஓடினேன். யாரும் பார்க்கக் கூடாது என்று, கித்தா மரங்களைத் தள்ளிவிட்டுப் புதுச் செம்பனைக் கன்று வைத்திருந்த காட்டுப் பக்கம் போனேன். அங்கே சாயந்திரத்தில் ஆள் நடமாட்டம் கிடையாது. முதலில் ஒரு திருப்பம் வரைக்கும். அப்புறம் இரண்டு. ஓடாத நாளில் உடம்பு என்னைத் தேடியது. அப்படித்தான் சொல்ல முடியும். சோறு தேடுவது மாதிரி இல்லை, அது வேறு. ஒரு மாதத்தில் பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போனது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆளும் இல்லை.

மழைக்காலம் வந்தது. புதுக்காட்டுப் பாதை முழங்கால் அளவு சேறாகிவிட்டது. இரண்டு நாள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, பொறுக்க முடியவில்லை. லயத்துக்கு முன்னால் கல் போட்ட பாதை ஒன்று உண்டு. அது மேட்டில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போகும், முக்கால் மைல். அதில் போவது என்று முடிவு செய்தேன். குளித்துத் திருநீறு பூசியிருந்தேன், செருப்பு இல்லை. உடம்பைத் துடைக்க, திருவிழாவில் கொடுத்த மஞ்சள் துண்டை இடுப்பில் கட்டியிருந்தேன். நான் எதையும் யோசித்துக் கட்டவில்லை. கொடியில் காய்ந்தது அதுதான்.

லயத்தில் எல்லாரும் அஞ்சடியில் இருந்தார்கள். நான் ஓடுவதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. இரண்டு பேர் எழுந்து என் பின்னாலேயே வந்தார்கள், என்ன ஆச்சு, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டு. மூச்சு வாங்கியதால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கோயில் வாசலைத் தொட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பி ஓடி வந்தேன். என் வீட்டுக்கு முன்னால் பக்கத்து வீட்டுத் தங்கச்சி நின்றிருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“வேண்டுதலா அண்ணே?”

நான் முழங்காலில் கை வைத்துக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். தலை மேலும் கீழும் போனது. அது மூச்சுக்குப் போனதா, அவளுக்குப் பதிலாகப் போனதா என்று ரொம்ப நாள் என்னையே கேட்டிருக்கிறேன். பதிலாகத்தான் போனது. நிமிர்ந்த பிறகு இல்லை என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது.

அவள் உள்ளே போய் ஒரு செம்பில் மஞ்சள் கரைத்துக்கொண்டு வந்தாள். காவடி எடுப்பவர்களுக்குச் செய்வது மாதிரி என் காலில் ஊற்றினாள். குனிந்து தொட்டுக் கும்பிட்டாள். என் கால் அப்படி ஒரு மரியாதையைப் பார்த்ததில்லை. எத்தனை நாள் அண்ணே, ஒரு மண்டலமா என்று அவளே கேட்டு, நாற்பத்தெட்டு நாள் என்று அவளே எல்லாருக்கும் சொல்லிவிட்டாள்.

மறுநாள் ஆறு வீட்டு வாசலில் செம்பு இருந்தது. மூன்றாம் நாள் பதினைந்து. போகும்போது ஊற்ற மாட்டார்கள், கோயிலைத் தொட்டுத் திரும்பும்போது ஊற்றுவார்கள். யார் காரியத்துக்கு என்று யாரும் கேட்கவில்லை, வேண்டுதலை வெளியில் சொல்லக் கூடாது என்று ஒரு பேச்சு உண்டு. மகள் குடும்பத்துக்காக இருக்கும் என்று ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டார்கள். மண்டோர்கூட வாசலில் என்னைக் கண்டால் மோட்டரை மெதுவாக்கித் தலையை அசைத்துவிட்டுப் போவார். தூணு என்று யாரும் கூப்பிடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் யாராவது ஒரு கிண்ணத்தில் கூட்டோ ரசமோ கொண்டு வந்து கொடுத்தார்கள், விரதச் சாப்பாடு என்று. நானும் அதையே சாப்பிட்டேன். என் வீட்டு வாசலில் அவ்வளவு ஆள் நின்று நான் பார்த்ததில்லை.

எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதைத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். தினம் அம்மன் முன்னால் நின்று நான் பொய் சொல்லவில்லை தாயே, அவர்களாக நினைத்துக்கொண்டார்கள் என்று சொல்வேன். சொல்லிவிட்டு ஓடுவேன். மேட்டில் ஏறும்போது கால் கனக்கும், இறங்கும்போது உடம்பு ஒரு காற்றடைத்த பை மாதிரி போகும். அந்த இறக்கத்தில் எனக்கு எந்தக் குற்றமும் இருக்காது. ஒரே கவலை, நாற்பத்தெட்டாம் நாள் முடிந்தால் நாற்பத்தொன்பதாம் நாள் எதைச் சொல்லி ஓடுவது.

இருபது நாள் ஆகியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரன் காலில் செம்பனை முள் ஏறியது. எங்கள் ஆட்களுக்கு முள் ஏறுவது புதிதில்லை, ஊசியால் நெம்பி எடுத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். ஆனால் அவனுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி, இருந்தது. புண் ஆறவில்லை, பாதம் கறுத்தது. சிரம்பான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தாள். ஒரு சாயந்திரம் என் காலில் தண்ணீர் ஊற்றும்போது நிமிராமலே கேட்டாள்.

“ஒங்க வேண்டுதல்ல அவரையும் சேத்துக்குங்கண்ணே. நான் பால்குடம் எடுக்கலாம்னு நெனைச்சேன். ஆஸ்பத்திரில இருக்கறதால ஒண்ணும் முடியல.”

சரி தங்கச்சி என்றேன். வேறு என்ன சொல்ல?

அன்றிலிருந்து அவனுக்காகத்தான் ஓடினேன். பொய்யில்லை. ஒவ்வோர் அடிக்கும் அவன் கால், அவன் கால் என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். ஆனால் முன்பு இருந்த அந்த இறக்கம் எனக்குப் போய்விட்டது. ஏறும்போதும் கனம், இறங்கும்போதும் கனம். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவது மாதிரி இருந்தது.

நடுவில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு சிரம்பான் போனேன். அவனை ஆஸ்பத்திரியில் பார்த்தேன், தூங்கிக்கொண்டிருந்தான். மகள் வீட்டுக்குப் போய்ப் பேரனைப் பார்த்தேன், கடைசி பஸ்ஸை விட்டுவிட்டேன், அங்கேயே தங்கினேன். அன்றைக்கு ஓடவில்லை. அது பெரிய விசயமாக எனக்குத் தோன்றவில்லை. உண்மையில் வேண்டுதலே இல்லையே, ஒரு நாள் விட்டால் என்ன என்று இருந்துவிட்டேன்.

அதற்கு மூன்று நாள் கழித்து அவன் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அவள் கைலியும் போர்வையும் எடுக்க வீட்டுக்கு வந்தாள். நான் அஞ்சடியில் நின்றேன். அவள் அழவில்லை. கோபமாகவும் பேசவில்லை.

“அண்ணே, நடுவுல ஒரு நாளு நீங்க ஓடலையாமே.”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“அன்னிக்குத்தான் டாக்டரு சொன்னாரு, கால எடுக்கணும்னு. பரவால்லண்ணே. ஒங்களுக்கு என்னா கஷ்டமோ.”

அவள் அதை ஒரு ஆறுதல் மாதிரி சொன்னாள். என் முன்னால் இரண்டு வழி இருந்தது. பேசாமல் இருந்தால், விரதம் தவறியவன் என்று பெயர். அதை ஜனங்கள் மன்னித்துவிடுவார்கள். மறுபடியும் முதலிலிருந்து ஒரு மண்டலம் ஓடு என்பார்கள், நானும் ஓடலாம், செம்பும் மஞ்சளும் வரும். ஆனால் அம்மன்தான் தன் புருசன் காலை எடுத்தாள் என்று அவள் காலம் முழுக்க நம்புவாள். நான் ஒரு நாள் விட்டதற்கு அம்மன் அவன் காலைக் கேட்டாள் என்று. என் அம்மனைப் பற்றி அப்படி ஒரு பேச்சு நான் வாய் திறக்காததால் நிலைக்கக் கூடாது என்று நினைத்தேன்.

“வேண்டுதலே இல்ல தங்கச்சி” என்றேன். “நீ கேட்டப்ப தலைய ஆட்டிட்டேன். அப்புறம் சொல்ல வாய் வரல.”

அவளுக்கு விளங்கவில்லை. “அப்ப எதுக்கு ஓடுனீங்க?”

“சும்மா. நல்லா இருந்துச்சு.”

கைலியை மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப எங்களுக்காக அம்மன்கிட்ட யாருமே கேக்கலையா?”

நான் கேட்டேன் தங்கச்சி, அவனை நினைத்துக்கொண்டுதான் ஓடினேன் என்று சொன்னேன். வேண்டுதலே இல்லை என்று இப்போதுதானே சொன்னீர்கள் என்றாள். துணியைப் பையில் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு நாற்பத்தோராம் நாள்.

விசயம் இரண்டு நாளில் எல்லா லயத்துக்கும் போய்விட்டது. செம்புகள் உள்ளே போயின. திட்டியவர்கள்கூடக் குறைவு, பேசாதவர்கள்தான் அதிகம். சாலையோரச் சீனர் கடையில் நான் நுழைந்தால் “நாளைக்கு எந்தச் சாமிக்கு லா ஓட்டம்?” என்று மண்டோர் கேட்பார், மேசையே சிரிக்கும். இந்தத் தடவை என்னால் கூடச் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. பூசாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் பால் வெட்டுகிறவர்தான். கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுவிட்டு, அபராதமாக ஒன்பது வெள்ளிக்கிழமை கோயிலைக் கூட்டிக் கழுவு, அந்த மஞ்சள் துண்டை இங்கேயே வைத்துவிட்டுப் போ என்றார். வைத்துவிட்டு வந்தேன். ஒன்பது வாரமும் கழுவினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்த என் மனைவியிடமும் சொன்னேன். என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே என்றாள், அவ்வளவுதான். கொடியில் கிடந்த என் சட்டைகளை எடுத்துப் பார்த்தாள். மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

நான் ஓடவில்லை. பழையபடி சோறு ஆக்கினேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லாததால் பேச்சுச் சத்தமும் இல்லை.

ஒன்பது வெள்ளிக்கிழமை முடிந்த பிறகு அவனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். இரண்டு நாள் நான் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள் சாயந்திரம் வேலையிலிருந்து வரும்போது அவன் அஞ்சடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கைலியின் ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. தூணு, இங்க வா என்றான். போனேன். உட்காரச் சொன்னான். அவள் உள்ளே இருந்தாள், பாத்திரச் சத்தம் கேட்டது, வெளியே வரவில்லை.

“எனக்காக ஓடுனியாமே.”

“ஆமாடா.”

“வேண்டுதலும் இல்லையாமே.”

“இல்ல.”

அவன் தன் கைலியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. “நான் கடைசியா எப்ப ஓடுனேன்னு தெரியுமா?” என்று கேட்டான். “கப்பு குடுக்கறத நிறுத்துன வருசம். அதுக்கப்புறம் ஓடல. இருபது வருசம் ரெண்டு காலும் நல்லாத்தான் இருந்துச்சு. சும்மா ஓடலாம்னு தோணவே இல்லடா.”

இரண்டு பேரும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்சம் கழித்து, எப்படி இருந்தது என்று கேட்டான். முதலில் செத்துவிடலாம் போலிருக்கும், அப்புறம் ஓர் இடத்தில் விட்டுவிடும் என்றேன். ஆமாம், விட்டுவிடும் என்றான். அது அவனுக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருசத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே விசயத்தைப் பேசியது அன்றைக்குத்தான்.

“சரி, போயிட்டு வா. பாக்கறேன்” என்றான்.

எல்லாரும் இருக்கிறார்களே என்றேன். இருக்கட்டும் லா என்றான்.

நான் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வெள்ளைப் பனியனோடு இறங்கினேன். அஞ்சடிகளில் ஆள் இருந்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை, யாரும் யார் செத்தது என்று கேட்கவில்லை. ஒரு பிள்ளை மட்டும் கொஞ்ச தூரம் கூட வந்துவிட்டு அம்மா கூப்பிட்டதும் நின்றுவிட்டது. பத்து வாரத்துக்கு மேல் விட்டதால் கால் பிடித்தது, மேட்டில் இரண்டு தடவை நடந்தேன். கோயில் வாசலில் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டேன். தாயே, இன்றைக்கு எதற்கும் வரவில்லை என்றேன். அது உண்மையாக இருந்ததால் சொல்ல லேசாக இருந்தது. அப்புறம் இறக்கம். அந்த இறக்கம் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

லயத்துக்கு வந்தபோது அவன் இன்னும் உட்கார்ந்திருந்தான். “ரொம்ப மெதுவாடா” என்றான். “கையை அப்பிடி ஆட்டாதே.” உள்ளே பாத்திரச் சத்தம் ஒரு நிமிசம் நின்று மறுபடியும் கேட்டது. அவள் என்னோடு மறுபடியும் பேசியது ஒரு வருசம் கழித்து, அதுவும் தண்ணீர்க் குழாய் வரிசையில், நகருங்கண்ணே என்று.

நான் சட்டையை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்குப் பின்பக்கம் இருக்கும் லயத்துப் பொதுக்குழாய்க்குப் போனேன். பாதமெல்லாம் செம்மண். குழாயைத் திறந்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, முதலில் வலது காலையும் பிறகு இடது காலையும் நானே கழுவிக்கொண்டேன். உள்ளே போய் விளக்கேற்றினேன். மறுநாளும் ஓடினேன்.